டேங்கில் எதையும் ஊற்றும் முன் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள்: டீசல் வழுவழுப்புக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

லாரி மக்கர் செய்தால் நம் ஓட்டுநர்கள் முதலில் கை வைப்பது கடையில் விற்கும் டீசல் மருந்துப் போத்தலில்தான். "இப்ப வர்ற டீசல்ல பசையே இல்லண்ணே, பம்ப் காஞ்சு போகுது" என்று காரணமும் தயாராக இருக்கும். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் என் பட்டறைக்கு டோவ் வண்டியில் வந்து சேர்கிறது.

உண்மையான பாதி இதுதான். சிங்கப்பூரில் டீசலின் கந்தக அளவு 2005 டிசம்பரில் 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 50 பங்கு), 2013 ஜூலையில் 10 பிபிஎம் என்று கட்டாயமாகக் குறைக்கப்பட்டது. கந்தகத்தை எடுக்கும்போது உலோகத்தில் ஒட்டிக்கொண்டு தேய்மானத்தைத் தடுத்த வேறு சில இயற்கைப் பொருள்களும் சேர்ந்து போய்விடுகின்றன. அந்த இழப்பை ஈடுகட்ட, பெட்ரோல் நிலையத்துக்கு வரும் முன்பே எண்ணெய் நிறுவனங்கள் மருந்து கலந்துவிடுகின்றன. பெரும்பாலும் அது கொழுப்பு அமிலம், அல்லது அதிலிருந்து செய்த எஸ்டர். பைன் மரக்கூழ் ஆலைகளில் கிடைக்கும் எண்ணெயிலிருந்து பிரித்த ஓலிக், லினோலிக் அமிலங்கள் இதில் பிரபலம். அமிலத்தின் தலைப்பக்கம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், வால்பக்கம் வெளியே நிற்கும். பம்புக்குள் உரசும் இரண்டு பாகங்களுக்கு நடுவில் மெல்லிய பாய் விரித்த மாதிரி.

தியரி இவ்வளவு போதும். கீழே உங்கள் வண்டியின் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு குறைவான காரணம் முதலில், பணப்பையைக் கிழிப்பது கடைசியில்.

ஒரு எச்சரிக்கை மட்டும் எல்லாருக்கும் பொது. காமன் ரெயில் எஞ்சினில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து (அதுதான் ரெயில்) டீசல் போகும் வகையில், உயரழுத்தக் குழாய்க்குள் 1,600 பாரிலிருந்து 2,000 பாருக்கும் மேல் அழுத்தம் இருக்கும். ஓடும்போது நட்டைத் தளர்த்தாதீர்கள், கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஒரு அட்டைத் துண்டைக் காட்டித் தேடுங்கள். தோலுக்குள் டீசல் பாய்ந்தால் காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. ஆனாலும் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

## காலையில் ஸ்டார்ட் ஆகிறது, சூடானபின் அணைத்தால் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது

இது பெரும்பாலும் பழைய சுழல் பம்ப் (சுழலும் ஒரே தலை எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பிரித்துக் கொடுக்கும் வகை) வைத்த வண்டிகளிலும் ஜெனரேட்டர்களிலும் வரும். ஓட்டுநர் கோப்பிக்கடையில் ஒரு தே குடித்துவிட்டு வருவார், ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் பிடித்துக்கொள்ளும்.

முதலில் பேட்டரி, ஸ்டார்ட்டர். சூட்டில் மெதுவாகச் சுற்றும் ஸ்டார்ட்டர் பல பம்புகளின் மேல் வீண் பழி போட வைத்திருக்கிறது. அடுத்து ஃபில்டரும் காற்றும்: டேங்கிலிருந்து பம்புக்கு வரும் வழியில் கண்ணாடி போன்ற ஹோஸ் துண்டு ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். குமிழி வரிசையாக ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது. கிளிப்பை இறுக்கினால் வேலை முடிந்தது. பம்பின் நிறுத்து வால்வுக்கு மின்சாரம் வருகிறதா என்றும் பாருங்கள்.

இவை எல்லாம் சரி என்றால் ஈரத்துணி சோதனை. ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்போது, ஒரு பழைய துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பம்பின் தலைப்பகுதியில் சுற்றுங்கள். பத்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வாளியோடு தண்ணீரைக் கொட்டக் கூடாது, ஓடும் பம்பின் மேல் ஈரத்துணியும் போடக் கூடாது. சூட்டில் இருக்கும் உலோகம் திடீரென்று சுருங்கினால் உள்ளே இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

• துணி சுற்றியதும் பிடித்தால்: பம்பின் உள்பாகம் தேய்ந்துவிட்டது. சூடான டீசல் மெலிதாகி, தேய்ந்த இடைவெளி வழியாகப் பின்னுக்குக் கசிகிறது. குளிர்ந்ததும் கொஞ்சம் கெட்டியாகி அழுத்தம் ஏறுகிறது.
• துணி சுற்றியும் பிடிக்காவிட்டால்: பம்பை விடுங்கள், மின்பக்கம் பாருங்கள்.

தேய்ந்துவிட்ட பம்புக்கு எந்த மருந்தும் உதவாது. கொழுப்பு அமிலம் தேய்மானத்தைத் தடுக்கும், போன இரும்பைத் திரும்ப முளைக்க வைக்காது. இந்தக் கட்டத்தில் பம்பைக் கழற்றி, சோதனை மேசை வைத்திருக்கும் பம்ப் கடைக்கு அனுப்புங்கள். வீட்டில் பிரிக்காதீர்கள். அதற்குள் உள்ள இடைவெளிகள் மைக்ரான் கணக்கில் இருப்பவை.

எல்லாப் பம்பும் டீசலின் வழுவழுப்பை ஒரே அளவுக்கு நம்பியிருப்பதில்லை. சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் என்று வரிசையாக நிற்கும் பழைய நேர்வரிசைப் பம்புகளின் கேம் பகுதிக்கு எஞ்சின் ஆயில் போகும். சுழல் பம்புக்கும் காமன் ரெயில் பம்புக்கும் டீசல் ஒன்றுதான் மசகு. "பழைய வண்டி, எதை ஊற்றினாலும் ஓடும்" என்பது முதல் வகைக்கு ஓரளவு பொருந்தும், இரண்டாம் வகைக்கு இல்லை.

## ஏற்றத்தில் இழுவை இல்லை, ஃபில்டர் சீக்கிரம் சீக்கிரம் அடைக்கிறது

எனக்கு அதிகம் வருவது இதுதான். சுமையோடு மேம்பாலம் ஏறும்போது மிதித்தாலும் ஓடாது, சமதரையில் பரவாயில்லை. ஃபில்டர் மாற்றினால் இரண்டு வாரம் நன்றாக ஓடும், அப்புறம் மறுபடியும் அதே கதை.

மாற்றிய ஃபில்டரைக் குப்பையில் போடாதீர்கள். அதுதான் சாட்சி. ஆக்ஸா பிளேடால் அறுத்தால் அதன் இரும்புத் தூளே உள்ளே விழுந்து உங்களை ஏமாற்றும். ஃபில்டர் கட்டர் ஒன்று வாங்குங்கள், அல்லது மூடியைச் சுற்றி உளியால் திறவுங்கள். கூட்டிலிருந்து தனியாக எடுக்கும் வகை என்றால் வேலை இன்னும் எளிது. மடிப்புக் காகிதத்தை வெட்டி, வெள்ளைத் தட்டில் விரித்து வெளிச்சத்தில் பாருங்கள்.

அடியில் தண்ணீரும் துருவும் இருந்தால். டேங்கின் அடியையும் நீர்பிரிப்பானையும் வடித்துவிடுங்கள். வடித்ததைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள், தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் பாதி காலியான டேங்க் இரவில் வியர்க்கும். வேலை முடிந்ததும் நிரப்பி வைப்பது நல்ல பழக்கம். வடித்ததை வடிகாலில் ஊற்றாமல் உரிமம் பெற்ற கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

கறுப்பாக, சளி போல, நாற்றத்தோடு இருந்தால். தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் வளரும் நுண்ணுயிர். தண்ணீரை எடுக்காமல் கொல்லி மருந்து மட்டும் ஊற்றினால் செத்த சளி எல்லாம் மொத்தமாக ஃபில்டருக்கு வரும். டேங்கைக் கழுவுங்கள், பிறகு கொல்லி, அதுவும் போத்தலில் எழுதிய அளவுக்கு.

எல்லைக்கு அப்பால் எண்ணெய் அடிக்கும் வண்டி, கறுப்பாக இருந்தாலும் சளி இல்லை என்றால். மலேசிய டீசலில் பனை எண்ணெயிலிருந்து செய்த மெத்தில் எஸ்டர் கலந்திருக்கும். அதுவும் கொழுப்பு அமிலக் குடும்பம்தான், வழுவழுப்புக்கு ரொம்ப நல்லது. டீசலில் ஓரிரு சதவீதம் இருந்தாலே போதும், தனி மருந்து தேவைப்படாது. ஆனால் பழைய டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த அழுக்கை அது கரைத்துக்கொண்டு வரும். முதல் ஒன்றிரண்டு ஃபில்டர் சீக்கிரம் அடைக்கலாம், பிறகு அடங்கிவிடும். மூன்றாவதும் அடைத்தால் டேங்கைத் திறந்து பார்க்க வேண்டும்.

வெளிர் பழுப்பாக, கிரீஸ் தடவியது போல, விரல் நடுவில் வழுக்கினால். இதைத்தான் பலர் "மெழுகு" என்று நினைக்கிறார்கள். நம் வெயிலில் டீசல் மெழுகு கட்டாது. இது சோப்பு. பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே சோப்பு: கொழுப்பு அமிலமும் உலோகமும் சேர்ந்தால் கிடைப்பது.

கொஞ்சத்தைச் சுரண்டி, சுத்தமான டீசலில் போட்டு, கண்ணாடிக் குவளையோடு வெந்நீரில் வைத்துக் கலக்குங்கள். மெழுகு என்றால் கரைந்துவிடும். சோப்பு பிடிவாதமாக நிற்கும்.

அமிலம் எங்கிருந்து வந்தது என்பது தெரியும், அதை மருந்தாகக் கலந்திருக்கிறார்கள். உலோகம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் தேட வேண்டும். நான் தேடும் வரிசை:

முதலில் ஓட்டுநரிடம் கேட்பேன், டேங்கில் எதையாவது ஊற்றினாயா என்று. வடித்த எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் டீசலில் கலந்தால் பம்புக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் ஆயிலில் கால்சியம் சேர்ந்த துப்புரவு மருந்து இருக்கிறது. அது கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்தால் கால்சியம் சோப்பு. நல்லது செய்கிறேன் என்று ஊற்றிய ஆயில்தான் ஃபில்டரில் பூசிக்கொண்டு நிற்கும்.

அடுத்து, சேமிப்புத் தொட்டி. ஒரு முறை ஒரே கிடங்கிலிருந்து மூன்று லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, மூன்று ஃபில்டரிலும் அதே பசை. வண்டிகள் வேறு, ஓட்டுநர்கள் வேறு, எஞ்சின் வகையும் வேறு. அப்படியென்றால் வண்டிகளைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. கிடங்குக்குப் போய்ப் பார்த்தேன். டீசல் லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும் தொட்டி, அதிலிருந்து வரும் குழாயும் மூட்டுகளும் துத்தநாகம் பூசியவை. குழாய் வாயில் விரல் விட்டதும் அதே வெளிர் வழுக்கல். துத்தநாகமும் கொழுப்பு அமிலத்தோடு சோப்பு ஆகும். அதனால்தான் டீசலுக்குத் துத்தநாகம் பூசிய தொட்டியோ குழாயோ ஆகாது என்று சொல்வது. மேற்பார்வையாளர், "இத்தனை வருசமா இதே குழாய்தானே, இப்ப என்ன புதுசா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தொட்டியின் அடியில் ஒரு சாண் தண்ணீர் நின்றதைக் காட்டினேன். தண்ணீர் இருந்தால் இந்த வேலை வேகமாக நடக்கும். குழாயைச் சாதாரண எஃகுக்கு மாற்றினார்கள், தண்ணீரை வடித்தார்கள். அதன்பின் அந்த வண்டிகள் இந்தக் குறையோடு வரவில்லை.

மூன்றாவது, சோடியம். கடலில் ஓடும் வேலைப் படகுகளின் டேங்கில் காற்றுக்குழாய் வழியாக உப்புத்தண்ணீர் புகுந்தால் சோடியம் சோப்பு. டீசல் வரும் வழியில் ஈரத்தை எடுக்கும் உப்பு உலர்த்திகளும் சில துருத்தடுப்பு மருந்துகளும் இருக்கும், அவற்றிலிருந்தும் சோடியம் வரலாம். இதை நீங்களோ நானோ கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. தொட்டியும் குழாயும் சுத்தம், யாரும் எதையும் ஊற்றவில்லை, ஆனாலும் இரண்டாவது முறை சோப்பு வந்தால் அங்கேயே நிறுத்திக்கொண்டு, ஃபில்டரையும் டீசல் மாதிரியையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

காகிதம் சுத்தமாக இருந்தால். ஃபில்டர் குற்றவாளி இல்லை. சுத்தமான கேனில் நல்ல டீசல் ஊற்றி, ஹோஸை அதிலிருந்து நேராகப் பம்புக்குக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். இழுவை வந்தால் டேங்க் வலை, குழாய் மடிப்பு, மூடியின் காற்றுத்துளை இவற்றில் ஒன்று. வராவிட்டால் டர்போ ஹோஸ், காற்று ஃபில்டர், அப்புறம்தான் பம்ப்.

மினுமினுப்பு தெரிந்தால். கீழே தனியாக இருக்கிறது. எஞ்சினை மறுபடி ஓட்டாதீர்கள்.

## காலையில் நடுக்கம், சூடானதும் சரியாகிவிடுகிறது

காமன் ரெயில் வண்டி. குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாதது போல் குலுங்கும், ஐந்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும்.

குளோ பிளக்கும் பேட்டரியும் முதலில். இவை சரி என்றால் இன்ஜெக்டருக்குள் ஊசி ஒட்டிக்கொண்டு நகர்கிறது என்று சந்தேகிக்கலாம். மேலே சொன்ன சோப்பின் நுண்ணிய துகள் ஃபில்டரையும் தாண்டி, இன்ஜெக்டரின் உள்பாகத்தில் மெல்லிய படலமாகப் படிவதுண்டு. நாஸில் முனைக் கரி வேறு, இது வேறு. முனையைத் துடைப்பதால் இது போகாது.

திரும்பும் டீசலை அளந்து பாருங்கள்: ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு குழாயிலும் சிறு போத்தல் மாட்டி, ஐட்லிங்கில் சில நிமிடம் ஓட்டினால் எது மற்றவற்றைவிட அதிகம் கசிகிறது என்று தெரியும். ஸ்கேனரில் சிலிண்டர் வாரியான திருத்த அளவையும் பாருங்கள், குளிரில் ஒரு முறை, சூட்டில் ஒரு முறை. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் வந்தால் ஒட்டல் என்ற சந்தேகம் வலுக்கும்.

தரமான துப்புரவு மருந்தை ஒரு டேங்குக்கு முயன்று பார்க்கலாம். இந்தக் கட்டுரையில் நான் மருந்துக்கு "சரி" சொல்லும் அபூர்வ இடம் இது. ஒரு டேங்க் முடிந்தும் நடுக்கம் போகவில்லை என்றால் இன்ஜெக்டரைக் கழற்றி, சோதனைக் கருவி உள்ள இடத்தில் கொடுங்கள். ஃபில்டரில் சோப்பு இருந்தால் அந்த மூலத்தை அடைக்காமல் புது இன்ஜெக்டர் போடாதீர்கள்.

## பம்பைச் சுற்றி டீசல் ஈரம்

டீசலின் வகை மாறியதும் பழைய ரப்பர் சீல்கள் கசிவதுண்டு. அரோமேட்டிக் (ரப்பரை வீங்க வைக்கும் ஒரு வகை ஹைட்ரோகார்பன்) குறைந்த டீசலில், முன்பு ஊறி வீங்கியிருந்த சீல் கொஞ்சம் சுருங்கிவிடும். வயதாகி விறைத்த சீல் என்றால் கேட்கவே வேண்டாம். வழுவழுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சீல் செட்டை மாற்றுங்கள்.

ஈரம் வெளியே இல்லாமல், எஞ்சின் ஆயிலின் மட்டம் ஏறிக்கொண்டே போய், அளவுகோலை முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால் கதை வேறு. பம்பின் உள்சீலோ இன்ஜெக்டரோ ஆயிலுக்குள் கசிகிறது. மெலிந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போகும். வண்டியை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

## ஃபில்டரில் வெள்ளி போல மினுமினுப்பு

ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடிப்புகளின் மேல் நகர்த்துங்கள். ஒட்டினால் எஃகு: கேம், ரோலர், பிளஞ்சர் இவற்றில் ஏதோ தேய்கிறது. ஒட்டாமல் மினுங்கினால் அலுமினியமாக இருக்கலாம், அதாவது பம்பின் உடல்.

இங்கே எளிய காரணம் என்று ஒன்று கிடையாது. பம்ப் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறது. அந்தத் தூள் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் திரும்பு குழாய் வழியாக டேங்குக்கும் போயிருக்கும். புதுப் பம்ப் மட்டும் போட்டுக் காசை மிச்சம் பிடித்தவர்கள் சில நாளில் அதே புதுப் பம்போடு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். பம்ப், ரெயில், இன்ஜெக்டர், குழாய்கள், டேங்க் கழுவல் என்று முழுசாகத்தான் செய்ய வேண்டும். பல ஆயிரம் வெள்ளி வேலை. பழைய லாரி என்றால் வண்டிக்கு இன்னும் எத்தனை வருட உரிமைச் சான்றிதழ் மிச்சம் என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய டீசலில் ஒரு லிட்டரைத் தனியாக எடுத்து வையுங்கள். காப்புறுதிக்கோ டீசல் விற்றவரோடு பேசவோ அதுதான் பிடி.

## பெட்ரோல் ஊற்றிவிட்டார்கள்

சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். சாவி திரும்பியதும் பல வண்டிகளில் டேங்க் பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். பெட்ரோல் டீசலின் கெட்டியையும் வழுவழுப்பையும் சேர்த்தே குறைக்கிறது. மருந்து ஊற்றிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்டார்ட் செய்யவில்லை என்றால் டேங்கை வடிப்பதோடு போகும்.

## எப்போதாவது ஓடும் ஜெனரேட்டர்

டீசல் மாதக்கணக்கில் நின்றால் ஆக்ஸிஜன் சேர்ந்து அமிலமாகும், பிசின் கட்டும். போத்தலில் பிடித்தால் கறுத்து, புளித்த வாடை வரும். வழுவழுப்பு மருந்து இதைத் திருத்தாது. டீசலை மாற்றுங்கள், சேமித்து வைப்பதற்கான நிலைப்படுத்தி மருந்தைப் புது டீசலில் கலந்து வையுங்கள்.

## அப்படியானால் வழுவழுப்பு மருந்து எப்போது?

பெட்ரோல் நிலையத்தில் அடிக்கும் டீசல் என்றால் என் பதில்: வேண்டாம். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டும் கருவி, மருந்து கலக்காத டீசல் பீப்பாயில் வருகிறது, தாவர எண்ணெயை ஹைட்ரஜனேற்றி எடுக்கும் புதுப்பிப்பு டீசல் மருந்தின்றி வருகிறது, இப்படி என்றால் வேண்டும். துவாஸில் பெரிய அளவில் தயாராவது இந்தக் கடைசி வகைதான். எரிவது அருமை, ஆனால் தனியாக விட்டால் வழுவழுப்பு குறைவு.

அளவு பற்றிப் பெரும்பாலோர் நினைப்பது தப்பு. ஆலையில் சேர்ப்பது பொதுவாக ஒரு கிலோ டீசலுக்கு 50 முதல் 300 மில்லிகிராம் வரை. 200 என்று வைத்தால், 100 லிட்டர் டேங்குக்கு ஏறக்குறைய 17 கிராம் வரும். ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். உலோகப் பரப்பு முழுக்கப் பாய் விரிந்துவிட்டால் அதற்கு மேல் ஊற்றுவது பாய் மேல் பாய். தேய்மானம் குறையாது, சோப்பாக மாற அமிலம்தான் கூடும். இரண்டு கம்பெனி மருந்தைக் கலந்து ஊற்றவும் வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஆய்வகத்தில் எச்எஃப்ஆர்ஆர் சோதனை கேளுங்கள். 60 டிகிரி டீசலில் 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை ஒரு தட்டின் மேல் 75 நிமிடம் தேய்த்து, குண்டில் விழும் தழும்பை மைக்ராஸ்கோப்பில் அளப்பார்கள். ஐரோப்பிய வரம்பு 460 மைக்ரான், அமெரிக்க வரம்பு 520. மருந்து போடாத டீசலில் 600-ஐத் தாண்டுவதும் உண்டு.

மாதிரி எடுக்கும் போத்தல் புதிதாக இருக்கட்டும், அடர்நிறக் கண்ணாடி. அதே டீசலால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிய போத்தலைக் கொடுக்காதீர்கள். ஒட்டியிருக்கும் மிச்சமே உலோகத்தில் பாய் விரித்து, கெட்ட டீசலை நல்ல டீசல் என்று காட்டிவிடும்.